நிலையாமையைப் பாடம் நடத்தியவரும் ஒரு ஜாடி மாவடுவும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 67. கும்பகோணம் பக்கத்தில் தமிழாசிரியராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சென்ற ஆடியில் என் மனைவி மாரடைப்பால் காலமானார். வரும் ஆடியில் தலைத்திவசம்.

அவர் கடைசியாகப் போட்ட மாவடு ஒரு பீங்கான் ஜாடியில் பாதி இருந்தது. பங்குனியில் வடு வாங்கி, விளக்கெண்ணெய் தடவி, உப்பும் மிளகாய்த் தூளும் கடுகுப் பொடியும் சேர்த்து, நாள்தோறும் காலையில் ஜாடியைக் குலுக்கி வைப்பார். அவர் போன பிறகு, தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே நான் அதைத் தொடவில்லை. சென்ற மாதம் மகனும் மருமகளும் வந்திருந்தபோது, நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்ட மருமகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்திருந்தார். அதைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சல் என்னுடைய குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. “கெட்டுப்போயிருந்தது மாமா” என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாளே கிளம்பிவிட்டார்கள், அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை.

நேற்று இருந்தவன் இன்று இல்லை என்றும், கூட்டைத் தனியே விட்டுப் பறவை பறந்துவிட்டது என்றும் நிலையாமை அதிகாரத்துக்கு ஆண்டுதோறும் பொருள் சொன்னவனுக்கு ஒரு ஜாடி ஊறுகாயை விட முடியவில்லை. சமையல், நடை, வங்கி வேலை எல்லாம் பார்க்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டால் மட்டும் பிறகு தூக்கம் வருவதில்லை. படித்ததெல்லாம் பொய்யா? அல்லது இது மனநோயா?

*

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் நீடித்த துயரம் ஒரு கோளாறாக இடம்பெற்றிருப்பது உண்மை. ஆனால் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் அதற்குப் போதாது. அவரவர் சமூக வழக்கம் ஏற்கும் அளவைத் துயரம் தெளிவாக மீறியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையும் முடங்கியிருக்க வேண்டும். ஓராண்டுக்குப் பண்டிகையே கொண்டாடாமல் இருப்பது நம் வீடுகளின் வழக்கம். உங்களுக்கு அந்த ஓராண்டே இன்னும் முடியவில்லை. எழுதியிருப்பதை மட்டும் வைத்து இதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூக்கத்தை மட்டும் ஒரு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மூன்று மணிக்கு யாரோடாவது பேச வேண்டும் போலிருந்தால், அரசின் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண்ணான 14416-இல் எந்நேரமும் பேசலாம்.

தமிழாசிரியருக்கு நான் குறள் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். இருந்தாலும், நிலையாமை அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். அதே வள்ளுவர் காமத்துப்பாலில் பிரிவாற்றாமை என்று ஓர் அதிகாரம் எழுதினார். அது சாவைப் பற்றியதுகூட அன்று. திரும்பி வரக்கூடிய ஒருவரின் பிரிவையே தாங்க முடியாது என்று பத்துக் குறளில் சொன்னவர், வரவே முடியாதவரின் பிரிவை நீங்கள் பதினொரு மாதத்தில் ஆற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பாரா? எல்லாம் நிலையற்றவை என்று அறிவதை வகுப்பறையில் கற்பித்துவிடலாம். இந்த ஜாடியும் காலியாகும் என்பதற்கு மனம் இசைவது வேறு வேலை; அது வீட்டுக்குள், ஒவ்வொரு பொருளாக, தனித்தனியே நடக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் படித்தது பொய்யில்லை ஐயா, அது இந்த வேலையைச் செய்து தராது, அவ்வளவுதான்.

துயரம் ஐந்து படிகள் ஏறி ‘ஏற்பு’ என்ற மாடியில் முடியும் என்று பலர் நம்புகிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதிய அந்த ஐந்து நிலைகள், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதிலிருந்து பிறந்தவை. அவர்களை இழந்தவர்களுக்கு அவை பிற்பாடு பொருத்தப்பட்டன. என்னிடம் வருகிறவர்களிடம் நான் காண்பது, 1999-இல் ஸ்ட்ரோபே, ஷுட் என்ற ஆய்வாளர்கள் இருவர் முன்வைத்த விளக்கத்தோடுதான் ஒத்துப்போகிறது: இழந்தவரின் மனம் இழப்பின் பக்கமும் நடப்பு வாழ்க்கையின் பக்கமும் மாறிமாறிப் போய்வந்துகொண்டிருக்கும். காலையில் வங்கிக்குப் போனவர் மாலையில் கொல்லையில் நின்று அழுவது அந்தப் போக்குவரத்துதான்.

தயங்கித்தான் இதை எழுதுகிறேன். குலுக்காமல் விட்ட வடு கெட்டுப்போகும். உங்கள் மனைவி நாள்தோறும் குலுக்கியது அதற்காகத்தான். தீரக் கூடாது என்று நீங்கள் தொடாமல் வைத்திருந்த மாதங்களில் அது தானாகவே போய்க்கொண்டிருந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பீரோவில் அவருடைய புடவைகள் இருக்குமே, அவற்றை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். எவற்றை யார் உடுத்த வேண்டும் என்பதை, உங்களுக்குத் தோன்றும்போது, நீங்களே முடிவு செய்யுங்கள்.

மருமகள் உங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். ஆனால் பூஞ்சை பிடித்ததை மாமனார் சாப்பிட்டுவிடக் கூடாதே என்று பயந்த பெண் அவர், மாமியாரை இழந்தவரும்கூட. திவசத்துக்கு அவர்கள் வருமுன் நீங்களே கூப்பிடுங்கள். ஜாடியைப் பற்றி விளக்கம் எதுவும் வேண்டாம், கூச்சல் போட்டதற்கு வருந்துகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். மாவடுவுக்கு உப்பு என்ன அளவு என்று அத்தை சொல்லிக்கொடுத்தாரா என்பதை வேறொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.