தோட்டத்திலிருந்து வந்த தாத்தாவின் பூர்வீக ஊரை எப்படித் தேடுவது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "என் தாத்தா 1973இல் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தார். இங்கிருந்து முதலில் போனது அவருடைய அப்பாவா, தாத்தாவா என்பது கூடத் தெரியவில்லை. 'துறையூர்ப் பக்கம் புத்தூர்' என்ற ஒரு வார்த்தைதான் வீட்டில் மிஞ்சியிருக்கிறது. தாத்தா காலமாகிவிட்டார். பாட்டியின் தங்கை இருக்கிறார். எந்த ஆபீஸில் விண்ணப்பித்தால் ஊர் தெரியும்?"

முதலில் பாட்டியின் தங்கையைப் போய்ப் பாருங்கள். இந்த வாரமே போங்கள். பதிவேடுகளை அடுத்த வருஷமும் பார்த்துக்கொள்ளலாம், அவரிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும்.

ஒரே ஆபீஸில் விடை கிடைக்காததற்குக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் போன சுமார் 1,52,000 பேருக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை அதில் எழுதினார்கள். இலங்கைக்குப் போனவர்கள் கங்காணியோடு, அதாவது ஊரில் ஆள் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் வேலை வாங்கிய தலைவரோடு, போனவர்கள். ஆரம்ப காலத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போனார்கள். அவர்களை ஆள் ஆளாக, ஊர் வாரியாக எழுதிவைத்த அப்படி ஒரு முழுப் பட்டியல் கிடையாது.

ஆனால் அதே கங்காணி முறைதான் உங்களுக்கு வழியும் காட்டும். கங்காணி ஆள் சேர்த்தது பெரும்பாலும் தன் ஊரில், தன் சொந்தபந்தத்தில். அதனால் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்துக் காம்பராக்களில் (அறைகளில்) இருந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. தாத்தா ஒருவரையே தேடினால் பாதை சீக்கிரம் அடைபட்டுவிடும். அந்தக் கங்காணியின் கூட்டத்தையே தேடுங்கள். அதில் ஏதாவது ஒரு குடும்பம் தன் ஊரை மறக்காமல் வைத்திருந்தால் போதும், உங்கள் ஊரும் அங்கிருந்து ஐந்தாறு மைலுக்குள் வந்துவிடலாம். நீலகிரியிலேயே கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் ஏராளம். அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலைக்கு வந்தவர்களில் உங்கள் தாத்தாவின் தோட்டத்து ஆட்கள் யார் என்று விசாரியுங்கள்.

சரி, பாட்டியின் தங்கையான அந்தப் பாட்டியிடம் என்ன கேட்பது? "எந்த வருஷம்?" என்று தொடங்காதீர்கள். பெரியவர்கள் காலத்தைச் சம்பவத்தால்தான் நினைவில் வைத்திருப்பார்கள். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அக்கா பிறந்துவிட்டாளா என்று கேளுங்கள், அது 1942 ஏப்ரல். தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேளுங்கள், அது 1964 டிசம்பர். "தாது வருஷப் பஞ்சத்துல போனாங்களாம்" என்று அவர் சொன்னால், நூறு வருஷம் தாண்டிய ஒரு தேதியைக் கையில் கொடுக்கிறார் என்று அர்த்தம். தாது வருஷம் 1876இல் பிறந்தது. அப்புறம் பெரியகங்காணி யார், அடுத்த காம்பராவில் யார், பெண் எடுத்தது கொடுத்தது யாரிடம், ஊருக்கு யார் பெயருக்குப் பணம் அனுப்பினார்கள், தோட்டத்தில் எந்தச் சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இதில் கடைசிக் கேள்விதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது. ஊர்ப் பெயர் மறந்த குடும்பத்திலும் குலசாமி பெயர் மறக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பேச்சை அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு அவரைக் களைக்க வைக்காதீர்கள். இரண்டாம் முறை போகும்போதுதான் விட்டுப்போனவை நினைவுக்கு வரும்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற நம் வழக்கமும் உதவும். ராமசாமி மகன் கருப்பன், கருப்பன் மகன் ராமசாமி என்று மாறி மாறி வந்தால், பெயர் தெரியாத தலைமுறையை ஊகிக்கலாம். ஆனால் இரண்டு ராமசாமிகளை ஒரே ஆளாக்கிவிடும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பெயரோடும் மனைவி பெயரைச் சேர்த்து எழுதுங்கள்.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதங்களுக்கு வருவோம். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்று தோட்டத்தின் பெயரே இருக்கலாம். அதோடு நிறுத்தாமல் எல்லாப் பக்கத்தையும் புரட்டி இந்திய விலாசம் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தாத்தாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால், பிறப்பு பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் நகல் கேட்கலாம். அதில் தகப்பன் பிறந்த இடம் எழுதப்பட்டிருந்தால் அதுவே பெரிய தடயம்.

நகல் கேட்கும்போது தோட்டத்தின் ஆபீஸ் பெயர் வேண்டும். ஜனங்கள் தோட்டத்துக்கு வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று, துரைமார் எழுதிய ஆங்கிலப் பெயர் வேறொன்று. பாட்டி சொல்லும் பெயர் வரைபடத்தில் இல்லாவிட்டால் அவர் நினைவைச் சந்தேகிக்காதீர்கள், பக்கத்து டவுன் எது, எந்த ரயில் ஸ்டேஷன் என்று கேட்டு நெருங்குங்கள். மலையகம் (இலங்கையின் தோட்டப் பகுதி) பற்றிய பழைய மலர்களும் நூல்களும் 'நூலகம்' என்ற பெயருள்ள இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அதில் தோட்டப் பெயரைத் தேடலாம். தோட்ட ஆபீஸின் செக்ரோலை (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டை) மட்டும் நம்பி இலங்கைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் கைக்கு மாறின. அத்தனை கை மாறியதில் பழைய செக்ரோல் எல்லா இடத்திலும் தப்பியிருக்காது.

இனி அந்தப் 'புத்தூர்'. புத்தூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் உண்டு. பழைய காகிதத்தில் 'திருச்சி ஜில்லா' என்று இருந்தால் இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களையும் சேர்த்துத்தான் தேட வேண்டும். 1910க்குப் பிறகு சில காலம் நாமக்கல்லும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. குலசாமி பெயரையும் கூட்டத்தார் சொன்ன ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று புத்தூர்களாகச் சுருங்கும்.

அதற்குப் பிறகு நிலப் பதிவேடு. கிராமத்தின் 'அ' பதிவேட்டை (எந்த நிலம் யார் பெயரில் என்ற பட்டியலை) தாலுகா ஆபீஸில் கேளுங்கள், 1979இல் தொடங்கிய யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் பணிக்கு முந்தையது வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். பழைய கணக்குகளில் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டுதான் இருக்கும். அதோடு 590 கூட்டுங்கள்: பசலி 1335 என்றால் 1925 ஜூலை முதல் 1926 ஜூன் வரை. சார்பதிவாளர் ஆபீஸில் பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என்று தனித்தனியாக உண்டு. கப்பலேறுமுன் யாராவது காணி நிலத்தை விற்றோ அடமானம் வைத்தோ இருந்தால் அங்கே தடம் இருக்கும். ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். பட்டாவில் பெயர் இல்லை என்பதற்காக அந்த ஊரைத் தள்ளிவிடாதீர்கள்.

நிலத்தைவிட நான் அதிகம் நம்புவது கோயில் நோட்டை. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டுகள் சில ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு இருக்கும். நிலமில்லாதவரும் அதில் வரி கொடுத்திருப்பார்.

ஊருக்குள் போனதும் முதல் வார்த்தையாக "சொத்து கேட்டு வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள். மூன்று தலைமுறைக்குப் பிறகு வந்து நிற்பவரைப் பார்த்தால் பங்காளிகளுக்கு முதலில் வருவது அந்தப் பயம்தான். போகிற நாளையும் யோசித்து வையுங்கள். அந்தக் குலசாமிக்குச் சிவராத்திரியில் கும்பிடு என்றால் சிவராத்திரி அன்று போங்கள். வெளியூருக்குப் பிழைக்கப் போன பங்காளிகளும் கட்டிக்கொடுத்த பெண்களும் அன்றைக்குத்தான் ஒரே இடத்தில் இருப்பார்கள். பாட்டி சொன்ன பெயர்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய், அங்கே இருப்பவர்களில் வயதான பெண்மணியிடம் முதலில் படித்துக் காட்டுங்கள்.