டிரெய்லர் இழுக்க 91 ஆக்டேன் தேவையா?

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் டிரெய்லர் இழுக்க 87 ஆக்டேன் பெட்ரோல் போதுமா, 91 போடணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் (ஃபோர்டின் டர்போ எஞ்சின்) என்றால், இழுக்கும் நாட்களில் தயங்காமல் 91 போடுங்கள். பாரத்தோடு மேடேறும்போது டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும், சிலிண்டர் கொதிக்கும். பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேருமுன்பே மிச்சமுள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடிக்கும். டப்பாவுக்குள் கோலி உருட்டியதுபோல் கேட்கிறதே, அதுதான். சென்சார் அதைப் பிடித்ததும் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். எஞ்சின் தப்பிக்கும், இழுவை குறையும். ஆக்டேன் கூடினால் எரிபொருளில் சக்தி கூடாது, இப்படித் தானாக வெடிப்பதைத் தாங்கும் திறன்தான் கூடும். அதனால் டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஆபீஸ் போய்வர 87 தாராளமாகப் போதும்.