போலீசிடம் ஒப்புக்கொண்டால் போதுமா? கத்தி கிடைக்காமலே தீர்ப்பு வருமா?

இவை கதையின் ஓட்டைகள்தானே என்ற கேள்வி, நம் சிங்கப்பூரில் நடக்கும் ஒரு கொலைக்கதைத் தொடரைப் பற்றியது. கொலையாளி போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கிறது, கத்தி கடைசிவரை கிடைக்கவில்லை. இரண்டுமே நடக்கக்கூடியவைதான்.

போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்பது இந்தியச் சட்டம். தமிழ்ப்படம் பார்த்து அது நமக்குப் பழகிவிட்டது. சிங்கப்பூரில் சார்ஜண்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம் தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும். "மிரட்டி வாங்கினார்கள்" என்று எதிர்த்தரப்பு சொன்னால், அதற்கென்றே வழக்குக்குள் ஒரு தனி விசாரணை நடக்கும். மிரட்டவில்லை என்று ஐயமற நிரூபிப்பது அரசுத்தரப்பின் பொறுப்பு. தொடர் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போனதுதான் எனக்கு வருத்தம். மொத்தக் கதையிலும் பரபரப்பான இடம் அதுதான்.

ஆயுதம் இல்லாதது ஓட்டையே அல்ல. 1963-இல் சிஸ்டர்ஸ் தீவருகே முக்குளித்த பெண்ணின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பட்டை வெட்டுப்பட்ட ஒற்றைத் துடுப்புக் காலணியும், அவர் பெயரில் இருந்த பெரிய காப்புறுதிகளும், மற்றச் சூழ்நிலைச் சாட்சியங்களும் சேர்ந்து 1965-இல் அவருடைய காதலர் சன்னி ஆங்கைக் குற்றவாளியாக்கின.

தொடரின் உண்மையான ஓட்டைகள் வேறு. கைதானவரை மூன்று நாள் லாக்கப்பில் வைத்தும் மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோகவில்லை. வரம்பு 48 மணி நேரம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் நடந்த கொலையில் மின்தூக்கி அருகே உள்ள போலீஸ் கேமராவை யாரும் கேட்கவும் இல்லை. பழுது என்று ஒரு வரி வசனம் இருந்திருந்தால்கூட ஏற்றுக்கொள்ளலாம்.