எஸ்ஜிபிடி 81: கல்லீரல் கெட்டுவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. குடிப்பழக்கம் இல்லை. முழு உடல் பரிசோதனை செய்தபோது ஸ்கேனில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று வந்தது. ரத்தத்தில் எஸ்ஜிபிடி 81, எஸ்ஜிஓடி 48, பிலிருபின் 0.8, ஆல்புமின் 4.3, தட்டணுக்கள் 2.1 லட்சம், ட்ரைகிளிசரைடு 240, மூன்று மாத சர்க்கரை அளவு 6.1. எஸ்ஜிபிடி இரண்டு மடங்கு ஏறியிருக்கிறதே, கல்லீரல் கெட்டுவிட்டதா? லிவர் டானிக் குடிக்கலாமா?

பதில்: கெட்டுவிடவில்லை. நீங்கள் பயப்படும் எண் வேறு, கவனிக்க வேண்டிய எண் வேறு.

எஸ்ஜிபிடி கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. கொழுப்பு சேர்ந்து செல்கள் அழற்சி அடையும்போது அது ரத்தத்தில் கசிகிறது. அதாவது, எங்கோ காயம் இருக்கிறது என்று மட்டும்தான் இந்த எண் சொல்கிறது. கல்லீரல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது ஆல்புமினும் பிலிருபினும். இரண்டுமே உங்களுக்கு நன்றாக இருக்கின்றன.

‘கிரேடு 2’ என்றதும் புற்றுநோயின் இரண்டாம் நிலை போல நினைத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. அது ஸ்கேனில் தெரியும் கொழுப்பின் அளவு, அவ்வளவுதான். கொழுப்பு கரையக்கூடியது. கல்லீரலில் தழும்பு விழுந்து இறுகிப்போகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்கு எஸ்ஜிபிடியை நம்ப முடியாது. எஸ்ஜிபிடி சரியாக இருந்தும் தழும்பு உள்ளவர்கள் உண்டு. கல்லீரல் முற்றிலும் சுருங்கிய நிலையில் அந்த எண் நார்மலுக்கே இறங்கிவிடவும் கூடும்.

இங்கேதான் யாரும் கண்டுகொள்ளாத தட்டணு எண்ணிக்கை உதவுகிறது. கல்லீரல் இறுகினால் மண்ணீரல் வீங்கும், அதில் தட்டணுக்கள் சிக்கி ரத்தத்தில் குறையும். இதை வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயதை எஸ்ஜிஓடியால் (எஸ்ஜிபிடி போலவே செல்லிலிருந்து கசியும் இன்னொரு நொதி) பெருக்குங்கள்: 42 × 48 = 2016. தட்டணுக்களை ஆயிரத்தில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்: 210 × 9 = 1890. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் உங்களுக்கு 1.07. இது 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். நடுவில் வந்தால், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்போம். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவு பொருந்தாது. 65-க்கு மேலே 1.3-க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்வோம்.

எஸ்ஜிஓடி உங்களுக்கு எஸ்ஜிபிடியைவிடக் குறைவாக இருப்பதும் ஃபேட்டி லிவரில் வழக்கமாகப் பார்ப்பதுதான். மதுவால் வரும் பாதிப்பில் பெரும்பாலும் எஸ்ஜிஓடிதான் மேலே நிற்கும், பல சமயம் இரண்டு மடங்கு. இருந்தாலும் ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளை ஒரு தடவை செய்துவிடுங்கள். கொழுப்புதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டு வைரஸைத் தவறவிடக் கூடாது.

எனக்குக் கவலை தருவது உங்கள் மூன்று மாத சர்க்கரை 6.1-உம் ட்ரைகிளிசரைடு 240-உம்தான். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-க்குள் இருக்க வேண்டும். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிருக்குக் கல்லீரலைவிட இதயமே அதிகம் ஆபத்தாகிறது. அதனால் ரத்த அழுத்தத்தையும் கெட்ட கொழுப்பையும் பாருங்கள். டாக்டர் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை எழுதினால், ‘ஃபேட்டி லிவர் இருக்கிறதே’ என்று தயங்க வேண்டாம், தாராளமாகச் சாப்பிடலாம்.

டானிக் வேண்டாம். அது கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. கீழாநெல்லி, சீந்தில் என்று யாராவது சொன்னாலும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது எடையைக் குறைப்பது. 7 சதவீதம், அதாவது சுமார் 6 கிலோ இறங்கினால் அழற்சி நன்றாகத் தணியும். 10 சதவீதம் இறங்கினால் இருக்கும் தழும்புகூடக் குறையலாம். ஒரே மாதத்தில் இறக்கப் பார்க்காதீர்கள், ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்குங்கள். சர்க்கரை போட்ட டீ, பாட்டில் ஜூஸ், பேக்கரி பண்டம் மூன்றையும் விடுங்கள். காபி பிடிக்குமென்றால் சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம், கல்லீரலுக்கு நல்லதுதான்.

மூன்று மாதம் கழித்து இதே பரிசோதனைகளை எடுங்கள். முந்தின இரண்டு நாள் ஜிம்மில் கடுமையான பயிற்சி வேண்டாம், எஸ்ஜிஓடி தசையிலிருந்தும் கசியும். ஃபிப்-4 கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும். கண் மஞ்சளானாலோ, கால் வீங்கினாலோ, வயிறு உப்பிக்கொண்டே போனாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.