யாருக்குச் சாது?

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டத்தில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் ஒரு கதையில் தபால்காரர் ஒருவரை 'இன்னாக்யுவஸ்' (innocuous) என்கிறார்கள். நான் 'சாது' என்று எழுதினேன். நண்பர் 'அப்பாவி' என்று திருத்துகிறார். எது சரி? அந்தச் சொல்லே நம் 'இன்னா'விலிருந்து போனதுதான் என்றும் சொல்கிறார். உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. லத்தீனில் 'நொகேரே' என்றால் தீங்கு செய்வது. முன்னால் நிற்கும் 'இன்' அதை மறுக்கிறது. ஆக, தீங்கில்லாதது. நம் ஊர் 'நியூசென்ஸ் கேஸ்' கூட அந்த வேரில் வந்ததுதான். நம் 'இன்னா'வோ தீங்கேதான். அதனால்தான் வள்ளுவர் 'இன்னா செய்யாமை' என்று அதிகாரம் வைத்தார். காதுக்கு ஒன்றுபோலக் கேட்டதும் தமிழுக்குப் பட்டா போட்டுவிடும் இந்தப் பழக்கம் எனக்கு எரிச்சல். நண்பரை விடுங்கள், ஆங்கில ஆசிரியை நீங்கள் அகராதியைத் திறந்திருக்க வேண்டாமா?

'அப்பாவி' வேண்டாம். அவன் ஏமாறுகிறவன்.

எனக்கு உறுத்துவது உங்கள் 'சாது'. கொஞ்ச நாளாகவே உறுத்துகிறது. களியக்காவிளைப் பக்கம் என் சித்தப்பா ஒருவர் இருந்தார். கேரள எல்லையில் பாதிப் பேச்சு மலையாளம் இல்லையா, ஊரே அவரை 'ஆளு பாவமாணு' என்றது. தமிழில் பாவம் என்றால் பரிதாபம். மலையாளத்தில் அது சாதுவுக்கும் பேர். பாகப்பிரிவினையில் வழியில்லாத நிலத்துண்டு அவருக்கு வந்தது. பாவம், ஒன்றும் சொல்ல மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களுக்கும் தெரியும். ஒருநாள் என்னிடம், "எல்லாவனும் என்னைப் பாவம்ணு சொல்லுதான். எனக்க வாழக்கொலைய மட்டும் ஒருத்தனும் விட்டு வைக்கல்ல மக்கா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். இன்றைக்கும் அதற்காக என்னை மன்னிக்க முடியவில்லை.

நம் எல்லைக்கு அந்தப் பக்கம் வெங்ஙானூர்க்காரரான, ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் போராடிய அய்யன்காளி 1907இல் தொடங்கிய அமைப்பின் பெயர் சாது ஜன பரிபாலன சங்கம். அங்கே சாது என்றால் ஒன்றுமில்லாத ஏழை. அந்தச் சாதுக்கள்தான், எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று நின்றார்கள். வயலுக்குச் சொந்தக்காரர்கள் அதற்கப்புறமும் அவர்களைச் சாது என்று சொல்லியிருப்பார்களா?

சாது என்கிறபோது நாம் ஒருவரின் குணத்தைச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் சொல்வது, அவரால் நமக்கு ஆபத்தில்லை என்கிற நிம்மதியைத்தான். ஆங்கிலச் சொல் இந்த விஷயத்தில் நேர்மையானது. அது குணத்துக்குள் போவதில்லை, கெடுதல் உண்டா இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. விஷமில்லாத பாம்புக்கும் பொருந்தும், சப்பென்ற பேச்சுக்கும் பொருந்தும். ஃபுட்பால் கமெண்ட்ரியில் 'இன்னாக்யுவஸ் சேலஞ்ச்', அதாவது பந்தைப் பறிக்கப் போன மோதலில் ஆபத்தில்லை என்று கேட்டால் மட்டும் ஸ்ட்ரெச்சர் வருகிறதா என்று பார்ப்பேன். ஃபுட்பால் ஆடும் நம் தூத்தூர்ப் பையன்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

சரி, தபால்காரர். கதையில் அவரை அப்படிச் சொல்வது யார்? அதை நீங்கள் எழுதவே இல்லை. கதைசொல்லி என்றால் 'யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாத மனுஷன்' என்று போடுங்கள். அவருடைய மேலதிகாரி என்றால் 'சாது'வே இருக்கட்டும்.