தமிழ்நாடுதான் சாலை விபத்தில் முதலிடமா? இந்தப் புள்ளிவிவரங்களை எப்படிப் படிப்பது?

"இந்தியாவிலேயே அதிகச் சாலை விபத்து நடக்கும் மாநிலம் தமிழ்நாடு என்று செய்தி போடுகிறார்கள், நாம் அவ்வளவு மோசமாகவா வண்டி ஓட்டுகிறோம்?" என்பது கேள்வி.

செய்தியில் பொய் இல்லை. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 ஆண்டறிக்கையில் தமிழ்நாட்டுக்கு 64,105 விபத்துகள், வேறெந்த மாநிலத்துக்கும் அவ்வளவு இல்லை. ஆனால் விபத்து எண்ணிக்கையை வைத்து ஒரு மாநிலத்தை இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிடவே கூடாது. இறப்பை வைத்து ஒப்பிடலாம், அதுவும் மக்கள்தொகையால் வகுத்த பிறகு. அப்படி வகுத்தால் நமக்கு ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், கதை வேறு மாதிரி போகிறது.

நான் பொதுச் சுகாதாரத் துறையில் புள்ளியியல் வேலை பார்ப்பவன். மருத்துவமனைகளின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கும் வேலையும் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அதே 2022 அறிக்கையில் பீகாரையும் கேரளாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீகாரில் 10,801 விபத்து, 8,898 பேர் இறப்பு. கேரளாவில் 43,910 விபத்து, 4,317 பேர் இறப்பு. அதாவது பீகாரில் 100 விபத்துக்கு 82 பேர் சாகிறார்கள், கேரளாவில் 10 பேர். உத்தரப் பிரதேசத்தில் 54, நமக்கு 28, நாட்டின் சராசரி 36. பீகாரில் வண்டி மோதினால் கிட்டத்தட்ட எல்லோரும் செத்துவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தம் கிடையாது, கேரளாவில் பீகாரைப் போல நான்கு மடங்கு மோதல் நடக்கிறது என்றும் அர்த்தம் கிடையாது. சாவு இல்லாத விபத்து கேரளாவில் காவல் நிலையத்துக்குப் போகிறது, பீகாரில் பெரும்பாலும் போவதில்லை, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். இருந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பது எளிது என்பது தெரிந்த ஊரில், அதற்கு வக்கீலும் கிடைக்கிற ஊரில், கை முறிந்தவர்கூடப் புகார் கொடுப்பார். அது தெரியாத ஊரில் இரண்டு பக்கமும் சத்தம் போட்டுவிட்டு, கொஞ்சம் பணம் கைமாறி, அங்கேயே முடிந்துவிடும். ஆக விபத்து எண்ணிக்கை என்பது சாலையின் ஆபத்தைவிடக் காவல் நிலையத்தின் எழுத்து வேலையைத்தான் அதிகம் காட்டுகிறது.

சாவை மறைப்பது கடினம். உடற்கூறாய்வு, இறப்புச் சான்றிதழ், காப்பீடு என்று பல இடங்களில் தடம் விழும். அதனால் ஒப்பிட வேண்டுமென்றால் இறப்பு. 2022-இல் தமிழ்நாட்டில் 17,884 பேர், உத்தரப் பிரதேசத்தில் 22,595 பேர். பார்த்ததும் அவர்கள்தான் மோசம் என்று தோன்றும். ஆனால் அங்கே நம்மைப் போல மூன்று மடங்கு மக்கள். லட்சம் பேருக்கு என்று கணக்கிட்டால் நமக்கு சுமார் 23, அவர்களுக்குப் பத்துக்கும் கீழே, நாட்டுக்கு 12-ஐ ஒட்டி. நம்மிடம் வண்டிகள் அதிகம், குறிப்பாக இருசக்கர வண்டிகள் அதிகம், நகரங்கள் அதிகம், எண்ணுவதும் ஓரளவு ஒழுங்காக நடக்கிறது, இதையெல்லாம் கழித்தாலும் தேசியச் சராசரியைப் போல இரண்டு மடங்கு என்பது சின்ன விஷயமில்லை. தலைப்புச் செய்தி தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு, கவலைப்பட வேண்டிய இடத்துக்கு அருகில்தான் வந்து நிற்கிறது.

சரி, இறப்பு எண்ணை மட்டும் அப்படியே நம்பலாமா? அதிலும் நமக்கே ஒரு பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016-இல் 71,431 விபத்து, 17,218 இறப்பு. 2019-இல் 57,228 விபத்து, 10,525 இறப்பு. 2020-இல், ஊரடங்கு ஆண்டு, 49,844 விபத்துக்கு 8,000 சொச்சம் இறப்பு. இறப்பைப் பாதியாகக் குறைத்த மாநிலம் என்று தேசிய அளவில் பாராட்டெல்லாம் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 2021-இல், 55,682 விபத்து, 15,384 இறப்பு. 100 விபத்துக்கு இத்தனை சாவு என்ற விகிதத்தை வரிசையாகப் போட்டால் 24, 18, 16, அப்புறம் திடீரென்று 28. சாலை அதேதான், வண்டி அதேதான், மனித மண்டையோட்டின் உறுதியும் அதேதான். ஒரு மோதல் எவ்வளவு ஆபத்தானது என்பது ஒரே ஆண்டில் இந்த அளவுக்குக் கூடாது. எண்ணுகிற முறையில்தான் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்பது என் முடிவு. இப்படி ஒரு வளைவைப் பார்த்தால் கைதட்டும் முன்னால் இந்த விகிதத்தைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அதிகாரிகளுக்கும் வேண்டும், பத்திரிகைகளுக்கும் வேண்டும்.

எண்ணிக்கை எங்கே தவறும் என்பதற்கு ஒரு உதாரணம். விபத்து நடந்த 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை விபத்து மரணம் என்பது விதி. ஒருவர் தாலுகா மருத்துவமனைக்குப் போகிறார், அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை, அங்கிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ ரெஃபர் செய்கிறார்கள், ஒன்பதாவது நாள் இறக்கிறார். முதலில் காயம் என்ற பிரிவில் போட்ட வழக்கை மரணம் என்ற பிரிவுக்கு, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106, மாற்றினால்தான் அந்தச் சாவு கணக்கில் ஏறும். மருத்துவமனையின் தகவல் சரியான காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கே ஒருவர் உட்கார்ந்து பழைய வழக்கை எடுத்துத் திருத்த வேண்டும், மாவட்ட அறிக்கை ஏற்கெனவே போய்விட்டிருந்தால் அதையும் திருத்த வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அவர் அரசாங்கக் கணக்கில் இன்னும் காயம்பட்டவர்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2016-க்கு இந்தியாவில் சுமார் 2.99 லட்சம் சாலை மரணங்கள் என்று மதிப்பிட்டது, அரசு சொன்னது 1.5 லட்சம். அந்த மதிப்பீட்டோடு வாதிடலாம், ஆனால் இடைவெளி இருக்கிறது என்பதில் வாதமே இல்லை.

காயத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2022-இல் இந்தியாவில் இறந்தவர் 1.68 லட்சம், காயமடைந்தவர் 4.43 லட்சம் என்று அறிக்கை சொல்கிறது, ஒரு சாவுக்கு மூன்று காயம்கூட இல்லை. பிரிட்டனில் அதே ஆண்டு ஒரு சாவுக்குச் சுமார் எண்பது. ஒரு வார இறுதி இரவில் எந்த அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவிலும் போய் நின்றால் தெரியும், நம் கணக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்று. தானாக வழுக்கி விழுந்தவர், லைசென்ஸ் இல்லாதவர், குடித்திருந்தவர், இவர்களெல்லாம் போலீஸ் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகலில், பெயர் இருக்கும், எஃப்.ஐ.ஆரில் இருக்காது.

எஃப்.ஐ.ஆரில் இருந்தாலும் காயத்தின் தன்மை அதில் தெரியாது. சட்டத்துக்கு லேசான காயம், கொடுங்காயம் என்று இரண்டே வகை. பல் உடைந்தாலும் கொடுங்காயம், கல்லீரல் கிழிந்தாலும் கொடுங்காயம். மருத்துவத்தில் இதற்கென்று சூசன் பேக்கரும் உடன் வேலை பார்த்தவர்களும் 1974-இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். உடலை ஆறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு காயத்துக்கும் மதிப்பெண் கொடுத்து, மிக மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளின் மதிப்பெண்ணை வர்க்கப்படுத்திக் கூட்டுவது, அதிகபட்சம் 75. வர்க்கம் எதற்கென்றால், காயத்தின் கடுமை ஒரு படி ஏறும்போது சாகும் வாய்ப்பு ஒரு படி மட்டும் ஏறுவதில்லை, தாவி ஏறுகிறது. இந்த ஒரு எண் ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவானாலே, எந்த மருத்துவமனையில் ஒரே அளவு காயத்துக்கு அதிகம் பேர் இறக்கிறார்கள் என்று பார்க்க முடியும்.

போலீஸ் பட்டியல், மருத்துவமனைப் பட்டியல் இரண்டிலும் விட்டுப்போனவர்களை எப்படிக் கணக்கிடுவது? குளத்து மீனை எண்ணப் பயன்பட்ட முறையே இங்கேயும் உதவும்: சில மீன்களைப் பிடித்து அடையாளம் போட்டு விட்டுவிட்டு, மறுபடி பிடித்ததில் அடையாளம் உள்ளவை எத்தனை என்று பார்த்து மொத்தத்தைக் கணிப்பது. ஒரு தாலுகாவில் போலீஸ் பட்டியலில் 200 பேர், மருத்துவமனைப் பட்டியலில் 300 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். 200-ஐ 300-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 500. இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்த்தாலே 380 பேர்தான் தெரிவார்கள், மீதி 120 பேர் எங்கேயுமே எழுதப்படாதவர்கள். பலத்த காயம்பட்டவர் இரண்டு பட்டியலிலும் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால் உண்மை எண் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, இரண்டு துறைகள் தங்கள் பதிவேட்டை ஒரே மேசையில் விரித்தால் போதும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது, ஆக மருத்துவமனைப் பக்கத்துப் பட்டியலும் கணினியில் கிடைக்கிறது. இதைச் செய்யாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அடுத்தது, எல்லோரும் மேற்கோள் காட்டுகிற "70 சதவீதச் சாவுக்கு அதிவேகமே காரணம்". வேகம் கொல்லும், அதில் சந்தேகமே வேண்டாம். நடந்து போகிறவர் மீது 50 கி.மீ. வேகத்தில் கார் மோதினால் அவர் சாகும் வாய்ப்பு 30 கி.மீ. வேகத்தில் மோதுவதைவிட ஐந்து மடங்குக்கும் மேல் என்று ஜெர்மானிய விபத்துத் தரவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் நம் 70 சதவீதத்தை யாரும் அளக்கவில்லை. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று எழுதினால்தான் வழக்கு அந்தப் பிரிவில் நிற்கும், அதனால் எல்லா எஃப்.ஐ.ஆரிலும் அந்த வரி இருக்கும். சாலையில் விளக்கு இல்லாதது, நடுத்தடுப்பில் ஆட்களே வெட்டி வைத்த இடைவெளி, பின்விளக்கு எரியாமல் நிறுத்தியிருந்த லாரி, ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த நேரம் இவற்றுக்கு அந்த வரியில் இடமில்லை. வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவர், அந்த நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவராக இருந்தவர், இதற்குத்தான் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின் என்று மூன்று வரிசை. மனிதர், வண்டி, சூழல் என்று பத்திகள். ஒவ்வொரு சாவுக்கும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிப் பார்த்தால், ஓட்டுநரைத் திட்டுவதைத் தவிர செய்யக்கூடிய வேலை எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். காலரா வந்தால் நோயாளியைத் திட்டாமல், காரணத்தைத் தண்ணீர்க் குழாயில் தேடும் அதே பொதுச் சுகாதாரப் புத்திதான் இது.

கருத்துப் பெட்டியில் ஒருவர், "ஹெல்மெட் போட்டவர்களும்தானே வார்டில் கிடக்கிறார்கள், அப்புறம் அதனால் என்ன பயன்?" என்று கேட்டிருந்தார். வார்டில் மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். ஹெல்மெட் போட்டவர் கால் முறிந்து வார்டுக்கு வருகிறார், போடாதவர்களில் பலர் வார்டுக்கு வராமலே பிணவறைக்குப் போகிறார்கள். இதைத் தாண்ட லெனர்டு எவன்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர், ஒரு அழகான வழி கண்டுபிடித்தார். இரண்டு பேர் போன பைக்குகளை மட்டும் எடுத்துக்கொள்வது. ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டு, பின்னால் இருப்பவர் போடாத பைக்குகளில் இருவரின் சாவு விகிதம் என்ன, இருவருமே போடாத பைக்குகளில் என்ன என்று பார்த்து, ஒன்றை மற்றதால் வகுப்பது. ஒரே வண்டி, ஒரே மோதல், ஒரே வேகம் என்பதால் "ஹெல்மெட் போடுபவர் மெதுவாகத்தானே போவார்" என்ற ஆட்சேபம் அடிபட்டுப் போகிறது. 1988-இல் வந்த விடை, சாவு சுமார் 28 சதவீதம் குறைகிறது என்பது.

எவன்ஸ் தேடிய அந்த ஜோடிகள் நம் ஊர்ச் சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கின்றன. ஓட்டும் கணவர் தலையில் ஹெல்மெட், பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு இல்லை, நடுவில் குழந்தைக்கும் இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். பின்னால் இருந்து இறந்தவர்களில் எத்தனை பேர் ஹெல்மெட் போட்டிருந்தார்கள் என்பதை மாவட்டவாரியாக வெளியிட்டால், எந்த மாவட்டத்துக் கல்லூரி மாணவரும் இந்தக் கணக்கை ஒரு மாலையில் போட்டுவிடலாம்.

2023 அறிக்கையில் நம் இறப்பு 18,347. அடுத்த அறிக்கை வரும்போது முதல் பக்கத்து விபத்து எண்ணிக்கையைத் தாண்டிப் போய், இறப்பு அட்டவணையையும் அதற்குப் பிறகு வருகிற இருசக்கர வண்டி, பாதசாரி அட்டவணைகளையும் பாருங்கள். மூன்றையும் மக்கள்தொகையால் வகுத்து, சந்தேகம் இருந்தால் எண்ணை இங்கேயே கருத்தில் போடுங்கள், நானும் சேர்ந்து சரிபார்க்கிறேன்.