டி செல் ஏன் எல்லா இடத்திலும் கொல்வதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப்பிடித்துக் கொல்வதே அவற்றின் வேலை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் சின்னம்மை வைரஸ் நரம்புக்குள் ஆயுள் முழுக்க எப்படி ஒளிந்திருக்கிறது? ஹெபடைடிஸ் பி சிலருக்கு ஆறு மாதத்துக்குள் போய்விடுகிறது, சிலரை விடுவதே இல்லை. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குத்தான் இப்படி ஆகிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இல்லை. ‘எதிர்ப்பு சக்தி’ என்ற சொல்லே இந்த இடத்தில் குழப்பம் செய்கிறது, உடம்பு முழுக்க ஒரே அளவில் நிரம்பியிருக்கும் ஏதோ ஒன்று போல. வைரஸ் உள்ள செல்லைக் கொன்றால் அந்த உறுப்புக்கு என்ன நஷ்டம் என்பதைப் பொறுத்து சண்டையின் முறையே மாறுகிறது.

நரம்பையே எடுத்துக்கொள்வோம். செத்த நியூரானுக்கு (நரம்பு செல்லுக்கு) பதில் வேறொன்று முளைக்காது. சின்னம்மை வைரஸின் பங்காளியான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முகத்து நரம்பு முடிச்சில் தங்குவது. அதை எலிகளில் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். வைரஸ் உள்ள நியூரானைச் சுற்றி சிடி8 என்ற கொல்லும் வகை டி செல்கள் ஒட்டி உட்கார்ந்திருக்கும். வைரஸ் விழிக்கப் பார்த்தால் கிரான்சைம் பி என்ற நொதியைச் செலுத்தும். மற்ற இடங்களில் செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும் அதே நொதிதான். இங்கே அது வைரஸ் பெருகத் தேவையான ஐசிபி4 புரதத்தை வெட்டுகிறது. நியூரான் பிழைத்துக்கொள்கிறது, வைரஸும் மறுபடி தூங்கிவிடுகிறது. தூங்கும் வைரஸ் புரதம் எதையும் பெரிதாகத் தயாரிப்பதில்லை என்பதால் டி செல்லின் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. வயதாக ஆக சின்னம்மை வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் குறையும். அந்த வைரஸ் விழித்து அக்கியாக வருவது அப்போதுதான். ரத்தத்தில் ஆன்டிபாடி நன்றாகவே இருக்கும், ஆனால் அது அக்கியைத் தடுக்கப் போதாது.

அடுத்தது டி செல் ஓய்ந்துபோதல். எல்சிஎம்வி என்ற எலி வைரஸில் ஆம்ஸ்ட்ராங், குளோன் 13 என்று இரண்டு ரகங்கள். சில அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். முன்னதை எலி சுமார் 8 நாளில் துடைத்துவிடும். பின்னது ரத்தத்தில் இரண்டு மூன்று மாதம் ஓடும், சிறுநீரகத்தில் அதற்கும் மேல். ஓயாமல் வைரஸைப் பார்த்துக்கொண்டே இருக்கும் டி செல் தான் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்களைப் படிப்படியாக இழக்கும்: முதலில் ஐஎல்-2 சுரப்பு போகும், பிறகு டிஎன்எஃப், கடைசியில் இன்டர்ஃபெரான் காமா. செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்ற பிரேக் ஏறிக்கொள்ளும். 2006இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் ரஃபி அகமது குழுவினர் அந்த பிரேக்கைத் தடுத்தபோது செல்கள் மீண்டும் வேலை செய்தன, வைரஸ் குறைந்தது. ஆனால் பிறவியிலேயே பிரேக்கின் மறுபாதி (பிடி-எல்1) இல்லாத எலிகளுக்கு குளோன் 13ஐக் கொடுத்தபோது அவை செத்தன. கொன்றது கட்டுப்பாடில்லாத டி செல்கள். ஓய்ந்துபோவதை வெறும் பழுது என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

இனி கல்லீரல். அது மீண்டும் வளரும், அதனால் செல்லைக் கொல்ல முடியும். ஆனால் குடலிலிருந்து வரும் ரத்தம் உணவுத் துணுக்குகளோடும் பாக்டீரியாச் சிதைவுகளோடும் நேராக அங்கேதான் நுழைகிறது. எல்லாவற்றுக்கும் பொங்கினால் கல்லீரல் மிஞ்சாது, ஆகவே அது பொறுத்துப்போகும் சுபாவமுள்ளது. ஹெபடைடிஸ் பி இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதத்தினருக்கு நிலைத்துவிடும், பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடுவது இதனால்தான்.

இந்த வைரஸ் தானாகச் செல்லைக் கொல்வதில்லை. ரத்தத்தில் ஏஎல்டி (கல்லீரல் செல் சிதையும்போது கசியும் நொதி) ஏறுவது பெரும்பாலும் டி செல் தாக்குவதன் அடையாளம். ஏஎல்டி சரியாக இருப்பதால் வைரஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ‘குணமான’வர்களுக்கும் செல்லின் கருவில் அதன் வட்ட டிஎன்ஏ மிச்சமிருக்கும். ரிட்டுக்ஸிமாப் போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து காவலைத் தளர்த்தினால் அது எழும்பும். அத்தகைய சிகிச்சை தொடங்குமுன் ஹெச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேலுறைப் புரதம்) மட்டும் பார்த்து நிறுத்தக்கூடாது. ஆன்டி-ஹெச்பிசி (வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி) பரிசோதனையும் வேண்டும், பழைய தொற்றைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.